எரர் வருது மேம்

வியாழக்கிழமை மதியம் லேப் வாசலில் ஷூக்கள் தாறுமாறாகக் கிடந்தால் முதலாண்டு சிவில் பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். சீனியர்கள் ஷூவை ஸ்டாண்டில் வைப்பார்கள். முதலாண்டுக்காரர்கள் கதவருகிலேயே உதறிவிட்டு ஓடிவருவார்கள். பிந்தினால் சிஸ்டம் கிடைக்காது என்று பயம். அறுபது பேருக்கு அறுபத்திரண்டு சிஸ்டம் இருக்கிறது. அதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

என் மேசை கதவை ஒட்டி. மேலே வருகைப் பதிவேடு, ஏசி ரிமோட், ஒரு ஸ்க்ரூடிரைவர். மானிட்டர் இருண்டால் வயரை அழுத்திவிட வேண்டும். கரண்ட் போனால் யுபிஎஸ் பக்கம் ஓட வேண்டும். புரோகிராமில் மட்டும் கை வைக்கக் கூடாது. பிள்ளைகள் "அண்ணா, இது ஏன்ணா இப்படி வருது?" என்று கெஞ்சினாலும் "மேடத்தைக் கேளு" என்பதோடு சரி. வாய்க்கு வேலை இல்லாததால் கண்ணுக்கு வேலை அதிகம். பேர்கள் எனக்கு நிற்காது. சிஸ்டம் நம்பர் நிற்கும்.

நாலாம் நம்பர் சிபிஎஸ்இ பையன். பதினொன்று, பன்னிரண்டில் பைத்தான் படித்து வந்தவன். கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டான், கட் ஆஃப் எட்டவில்லை, சிவில் கிடைத்தது. நாற்காலியில் சாய்ந்து உட்காருவான். மேடம் பேசி முடிப்பதற்குள் புரோகிராம் ரன் ஆகிவிடும்.

பதினேழாம் நம்பர் அரசுப் பள்ளி, தமிழ் வழி, பயாலஜி குரூப். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-ல் பொறியியலிலும் கொடுத்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள். முதல் நாள் கீபோர்டில் 'ஏ' எழுத்தைக் கண்டுபிடித்ததும் அதற்கு அடுத்து 'பி' இருக்கும் என்று தேடினாள். அங்கே 'எஸ்' இருந்தது. எழுத்துகளை ஏன் இப்படிக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். பதில் வரவில்லை.

முப்பத்தொன்றாம் நம்பர் ஒல்லிப் பையன், எப்போதும் சட்டைக் கையை மடித்துவிட்டிருப்பான். அப்பா கம்பி கட்டும் வேலை. லீவு நாளில் தானும் போவான் போலிருக்கிறது, உள்ளங்கை சொன்னது. ஐம்பத்திரண்டாம் நம்பர் பையன் திரையைப் பார்ப்பதற்கு முன்பே கையைத் தூக்குவான். "ரன் ஆகலை மேம்!" சில நாள் ரன் கொடுத்திருக்கவே மாட்டான்.

போனில் வளர்ந்த பிள்ளைகள் என்பதால் முதல் வாரம் நாலைந்து பேராவது மானிட்டரை விரலால் தள்ளிப் பார்ப்பார்கள். கண்ணாடியில் கைரேகை விழும். துடைப்பது நான்.

"நாங்க சிவில் மேம். எங்களுக்கு எதுக்கு கோடிங்?" இந்தக் கேள்வி ஆண்டுதோறும் இரண்டாம் வாரம் வரும். மெக்கானிக்கல் வகுப்பில் மூன்றாம் வாரம் வரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் எல்லாப் பிரிவுக்கும் பைத்தான் உண்டு. வகுப்பறைப் பாடம் ஒன்று, அதற்குத் துணையாக வாரம் நாலு பீரியட் லேப். 2017 பாடத்திட்டம் வருவதற்கு முன்பு இந்த இடத்தில் சி மொழி இருந்தது. அன்றைக்கு இதே அறை முழுக்க டர்போ சி-யின் நீலத் திரை. 1980-களின் மென்பொருள் அது. புது விண்டோஸில் ஓட மறுக்க, டாஸ்பாக்ஸ் போட்டு ஓட்டுவோம். பழைய சார் ஒருவர் இன்னும், "சி படிச்சாத்தான்பா அடித்தளம்" என்று நடைபாதையில் சொல்லிக்கொண்டே போவார். இருக்கலாம். ஆனால் வணக்கம் சொல்ல ஐந்து வரி எழுத வைத்த மொழிக்கும் ஒரே வரியில் சொல்லவிடும் மொழிக்கும் முதல் நாள் முகங்களில் வித்தியாசம் தெரிந்தது.

அந்த ஒரு வரியும் எல்லாருக்கும் வந்துவிடுவதில்லை. 'பிரிண்ட்' என்று அடித்து, அடைப்புக்குறி போட்டு, மேற்கோளுக்குள் ஹலோ எழுத வேண்டும். பதினேழாம் நம்பர் முதலெழுத்தைப் பெரிய எழுத்தில் அடித்தாள். வாக்கியத்தைப் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று அவளுக்குப் பத்து ஆண்டு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பைத்தான் அந்தப் பெயரில் தனக்கு யாரையும் தெரியாது என்றது. 1991-ல் கீடோ வான் ரோசம் வெளியிட்ட நாளிலிருந்தே அதற்குச் சின்ன எழுத்து வேறு, பெரிய எழுத்து வேறு. புதிய பதிப்புகள் கொஞ்சம் இரக்கம் காட்டுகின்றன. 'பிரிண்ட்' என்பதைத்தான் சொல்ல வந்தாயா என்று சின்ன எழுத்தில் எழுதிக் கேட்கின்றன. ஆனால் அந்தக் கேள்வி சிவப்பு வரியின் கடைசியில் இருக்கிறது. சிவப்பைக் கண்டவுடன் இவர்கள் கண்ணை எடுத்துவிடுகிறார்கள்.

லேபில் இருப்பது பைத்தானோடு சேர்ந்தே வரும் ஐடில். அதில் எல்லாவற்றுக்கும் நிறம் உண்டு. மேற்கோளுக்குள் இருப்பது பச்சை. 'இஃப்', 'ஒய்ல்' மாதிரிச் சொற்கள் ஆரஞ்சு. சரியாக ஓடினால் விடை நீலத்தில் வரும், ஓடும்போது இடறினால் சிவப்பில். என் மேசையிலிருந்து எழுத்து தெரியாது, நிறம் தெரியும். முதல் மாதம் அறையே சிவப்பு.

"எரர் வருது மேம்!"

ஒரு மதியத்தில் இதை எத்தனை குரலில் கேட்பேன் என்று கணக்கில்லை. அழுகைக் குரல், குற்றம் சாட்டும் குரல், சிஸ்டம் சரியில்லை என்று என்னைத் திரும்பிப் பார்க்கும் குரல். 'நான் தப்பா அடிச்சிருக்கேன் மேம்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எரர் என்பது மழை வருகிற மாதிரி எங்கிருந்தோ வருவது.

மேடம் வந்து நிற்பார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். நான் கவனித்த வரையில் அவர் கற்றுத்தரும் முறையே அந்தக் கட்டிய கைதான். "கடைசி வரியைப் படி" என்பார்.

"நிறைய வந்திருக்கு மேம்."

"நிறைய வேண்டாம். கடைசி வரி."

பைத்தானின் பிழைச் செய்தி பல வரி ஓடினாலும் என்ன பிழை என்பது அடியில்தான் இருக்கும். எந்த வரி நம்பர் என்பது அதற்குச் சற்று மேலே. கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டிய சமாச்சாரம். இவர்கள் மேலிருந்து தொடங்கி இரண்டாவது வரியில் மிரண்டு நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்ச நாள் கழித்து மேடம் அந்த வாக்கியத்தையும் விட்டுவிட்டார். பக்கத்தில் வந்து நிற்பார். பிள்ளை தானே கடைசி வரிக்கு இறங்கி, உதடு அசையப் படித்து, "ஓ… கோலன் போடலை மேம்" என்று தானே அடிக்கும். மேடம் பேசாமல் நகர்ந்துவிடுவார்.

எல்லா எரரும் நேர்மையாக வரி நம்பரைச் சொல்லிவிடும் என்றும் இல்லை. ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால் பழைய பதிப்புகள் அடுத்த வரியில் தப்பு என்று காட்டும். பிள்ளை அந்த வரியைப் பத்துத் தரம் அடித்து அடித்து அழிக்கும். தப்பு அங்கே இருந்தால்தானே? 2021-ல் வந்த 3.10 பதிப்புக்குப் பிறகுதான், திறந்த குறியை மூடவே இல்லை என்று திறந்த இடத்தைக் காட்டிச் சொல்கிறது. லேபில் புதுப் பதிப்பு ஏற்றிய செமஸ்டரில் மேடத்தின் நடை பாதியாகக் குறைந்தது.

சிவப்பு வருகிற தப்புக்குப் பயந்துகொண்டிருந்தவர்களை, சிவப்பே வராத தப்பு வந்து பிடித்தது மூன்றாவது வாரம்.

இரண்டு எண்ணைக் கேட்டு வாங்கிக் கூட்ட வேண்டும். பதினேழாம் நம்பர் 5 கொடுத்தாள், 7 கொடுத்தாள். நீல எழுத்தில் 57 என்று வந்தது. எரர் இல்லை. எரர் இல்லை என்பதால் அவள் சந்தோஷமாக நோட்டில் எழுதிக்கொள்ளப் போனாள். எழுதும்போதுதான் கை நின்றது. மறுபடி ரன் கொடுத்தாள். 2, 3. வந்தது 23. பக்கத்துப் பெண்ணின் திரையை எட்டிப் பார்த்தாள். அங்கேயும் 23 மாதிரிதான் ஏதோ. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கீபோர்டில் அடிப்பது எதுவானாலும் பைத்தான் 3 அதை எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும். எண் வேண்டுமென்றால் 'இன்ட்' என்று சொல்லி மாற்ற வேண்டும். இதை மேடம் முந்தின வாரம் போர்டில் எழுதிப் போட்டிருந்தார். அவளும் நோட்டில் எழுதியிருந்தாள். 57 வந்த பிறகுதான் பக்கத்தைப் புரட்டி அந்த வரியைத் தேடினாள். அதற்குப் பிறகு அவள் அதை மறந்து நான் பார்க்கவில்லை.

கம்பி எடை வந்த நாளைச் சொல்ல வேண்டும். பாடத்திட்டத்தின் முதல் பயிற்சியிலேயே வீட்டு மின்கட்டணம், கடை பில், மோட்டார் பைக் எடை இவற்றோடு இரும்புக் கம்பியின் எடையும் இருக்கிறது. சூத்திரம் எளிது: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கம் பண்ணி, மீட்டரில் உள்ள நீளத்தால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் கிலோ. மேடம் போர்டில் எழுதிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். முப்பத்தொன்றாம் நம்பர் அடித்தான். வர்க்கத்துக்குக் கணக்கு நோட்டில் போனில் எல்லாம் போடுகிற மாதிரி, அடைப்புக்குறிக்குள் ^ குறி போட்டு 2 என்று எழுதினான். 12 மில்லிமீட்டர் கொடுத்தான், 12 மீட்டர் கொடுத்தான். நீலத்தில் வந்தது 1.037037037037037.

அந்த வரிசையில் பத்துப் பேர் அதே குறியைப் போட்டிருந்தார்கள். பத்துப் பேருக்கும் அதே விடை. ஒன்பது பேர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இவன் மட்டும் திரையைப் பார்த்துச் சிரித்தான்.

"மேம், இது தப்பு."

மேடம் வந்தார். கை பின்னால். "எரர் எதுவும் இல்லையே?"

"எரர் இல்ல மேம். ஆனா முழுக் கம்பி ஒரு கிலோ எப்படி மேம் வரும்? பன்னெண்டு எம்எம் கம்பி ஒண்ணு பத்தரை கிலோவுக்கு மேல இருக்கும். தோள்ல வெச்சாத் தெரியும்."

மேடம் உடனே பதில் சொல்லவில்லை. குனிந்து வரியைப் படித்தார். பைத்தானில் அந்தக் குறிக்கு வர்க்கம் என்று பொருள் இல்லை. இரண்டு எண்ணையும் இரும எண்ணாக வைத்து ஒவ்வொரு இடமாக ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் மட்டும் ஒன்று போடுகிற வேலை அது. 12-ஐயும் 2-ஐயும் அப்படிச் சேர்த்தால் 14. வர்க்கம் 144-க்கு பதிலாக 14 வந்து உட்கார்ந்திருக்கிறது. வர்க்கம் வேண்டுமானால் இரண்டு நட்சத்திரம் போட வேண்டும். போட்டான். 10.66 என்று தொடங்கி நீளமாக ஒரு தசமம் வந்தது. "இப்பச் சரி" என்றான், கம்ப்யூட்டருக்கு மார்க் போடுகிற தோரணையில்.

ஒன்பது பேரும் நோட்டில் அடித்துத் திருத்தினார்கள். "நாங்க சிவில், எங்களுக்கு எதுக்கு?" என்கிற கேள்வி அதற்குப் பிறகு அந்த வகுப்பில் எழவில்லை. மேடம் பதில் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நன்றாக அமைந்திருக்காது.

நாலாம் நம்பரைப் பற்றிப் பாதியில் விட்டேன். தன் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடுவதால் அவன் உதவி செய்யக் கிளம்பிவிடுவான். "தள்ளுடா, நான் பார்க்கிறேன்" என்று நண்பனின் கீபோர்டை இழுத்து, தடதடவென்று அடித்து, ரன் கொடுத்து, "முடிஞ்சது, போ." நல்ல பையன், கர்வம் கிடையாது. ஆனால் அவன் உதவிய பிள்ளைகள் எல்லாரும் செமஸ்டர் முடிவில் எங்கே நின்றார்கள் என்பதை இந்த மேசையிலிருந்து பார்த்தவன் நான். ஐந்தாம் நம்பருக்கு ஒரு வரி அடிக்க வரவில்லை. பாவம், பக்கத்து சீட்டுக்காரன் அவன்தான். ஒருநாள் மேடம் நாலாம் நம்பரைக் கூப்பிட்டு, "உதவி பண்ணு, கையை மட்டும் பாக்கெட்ல வெச்சுக்கோ" என்றார். வாயால் விளக்கத் தொடங்கியபோது அவனுக்கே பல இடம் தெரியவில்லை என்பது தெரிந்தது. ஒய்ல் லூப்புக்கும் ஃபார் லூப்புக்கும் எது எப்போது என்று ஐந்தாம் நம்பர் கேட்க, இவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அடிக்கத் தெரியும், சொல்லத் தெரியவில்லை.

மற்ற வாரங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். நட்சத்திரத்தை அடுக்கிக் கூம்பு கட்டும் வாரத்தில் எல்லாரும் குழந்தையாகிவிடுவார்கள். லூப்பில் எண்ணை ஒன்று கூட்ட மறந்தால் திரை நிற்காமல் ஓடும். ஐம்பத்திரண்டாம் நம்பர் பயந்துபோய் பவர் சுவிட்சை அணைத்தான், கண்ட்ரோலோடு சி அழுத்தினால் போதும். கட்டடம் கட்டத் தேவையான பொருள்களைப் பட்டியலாக்கும் பயிற்சியில் சிமென்ட், மணல், ஜல்லி, கம்பி எழுதியவர்கள் முக்கால்வாசி. ஒருத்தி மட்டும் தண்ணீரையும் சேர்த்திருந்தாள். எண்ணை ஊகிக்கும் விளையாட்டுக்கு 'ரேண்டம்' என்ற தொகுப்பு வேண்டும். ஒரு பையன் தன் ஃபைலுக்கே அந்தப் பேரை வைத்துச் சேமித்துவிட்டான். பைத்தான் தொகுப்பைத் தேடிப் போய் அவனுடைய ஃபைலையே திறந்து, இதில் அப்படி எதுவும் இல்லையே என்றது. அரை மணி நேரம் இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஃபைல் பேரை மாற்றியதும் ஓடியது.

மின்கட்டணப் பயிற்சியில் வீட்டு அனுபவம் பேசும். 150 யூனிட், முதல் நூறு இலவசம், அடுத்ததற்கு இரண்டு ரூபாய் என்று மேடம் ஒரு மாதிரிக் கணக்கு கொடுத்தார். ஐம்பது யூனிட்டுக்கு நூறு ரூபாய் வர வேண்டும். பாதிப் பேருக்கு 300 வந்தது, மொத்த யூனிட்டையும் இரண்டால் பெருக்கிவிட்டார்கள். "எங்க வீட்ல இப்படி வந்தா அம்மா ஈபி ஆபீசுக்கே போயிடும்" என்று ஒரு குரல். அறை சிரித்தது. திருத்தினார்கள்.

சரத்தைத் திருப்பிப் போட்டு, முன்னும் பின்னும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்கும் பயிற்சி ஒன்று. ஆங்கிலத்தில் மேடம், மலையாளம் என்று எல்லாம் ஓடியது. கடைசி வரிசையில் ஒருவன் எங்கிருந்தோ 'விகடகவி' என்ற சொல்லைக் காப்பி செய்து ஒட்டினான். தெனாலிராமன் கதை படித்த எவருக்கும் தெரியும், எந்தப் பக்கம் படித்தாலும் விகடகவிதான். பைத்தான் இல்லை என்றது. திருப்பிப் போட்டதை அச்சிடச் சொன்னான். முதலில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அதன் தலையில் இகரக் குறி மட்டும், பிறகு 'வகடகிவ'. எத்தனை எழுத்து என்று கேட்டான். நாம் ஐந்து என்போம். அது ஏழு என்றது.

அறை முழுக்க அந்தத் திரையைச் சுற்றிக் கூடியது. மேடமும் வந்து பார்த்தார். "எனக்குத் தெரியலை. பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றார். அடுத்த வியாழன் வந்து சொன்னார். யூனிகோடில் 'வி' என்பது ஒரே எழுத்தாக இல்லை. 'வ' தனியாக, இகரக் குறி தனியாக, இரண்டு குறியீடாகச் சேமிக்கப்படுகிறது. திருப்பும்போது குறி தன் எழுத்தை விட்டுவிட்டு முன்னால் போய் நிற்கிறது. உயிர்மெய்யை ஒன்றாகக் கட்டி வைத்துக்கொண்டு திருப்பினால் சரியாக வரும். அந்தப் புரோகிராமை எழுதிக்கொண்டு வருபவருக்கு மேடம் தன் கையால் ஐந்து மார்க் அதிகம் போடுவதாகச் சொன்னார். எழுதி வந்தது பதினேழாம் நம்பர். அழகான புரோகிராம் என்று சொல்ல முடியாது, ஏகப்பட்ட இஃப். ஆனால் ஓடியது. பரீட்சைக்கு அது வராது, அது வேறு விஷயம்.

வகுப்பறைப் பாடத்தை நான் பார்த்ததில்லை, காதில் விழுந்ததுதான். முதல் அலகிலேயே ஹனோய் கோபுரம் வருகிறதாம். எதுவார் லூகா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1883-ல் கொண்டுவந்த புதிர். மூன்று வட்டுக்கு ஏழு நகர்த்தல். 64 வட்டுக்கு நொடிக்கு ஒன்றாக நகர்த்தினாலும் 58,000 கோடி ஆண்டுக்கு மேல். பிள்ளைகள் வரும்போது இதைச் சொல்லிக்கொண்டு வருவார்கள், சினிமாக் கதை மாதிரி. தேர்வு நூறு மதிப்பெண். இரண்டு மார்க் பத்து, பதிமூன்று மார்க் ஐந்து, பதினைந்து மார்க் ஒன்று. எல்லாம் பேனாவில். பேனாவில் எழுதுகிற புரோகிராமுக்கு எரர் வராது. அதுதான் அதன் குறை.

நம் கல்லூரிகளில் இந்தப் பாடத்தின் எதிரி ஒன்று உண்டென்றால் அது ரெக்கார்ட் நோட்டு. எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட் என்று ஐந்து தலைப்பு. ரிசல்ட்டில் எல்லா வாரமும் ஒரே வாக்கியம், புரோகிராம் வெற்றிகரமாக ஓடியது என்று. ஓடாத வாரத்துக்கும் அதே வாக்கியம்தான். சிவப்பு வந்தது, இன்ன காரணத்தால் வந்தது, இப்படித் திருத்தினேன் என்று எழுத அதில் இடமே கிடையாது. பிள்ளைகள் கற்றுக்கொண்டது முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது. மார்க் போடுவதோ சுத்தமான அவுட்புட்டுக்கு. அதனால் ரெக்கார்ட் முடிக்கும் வாரத்தில் அறையில் வாட்ஸ்ஆப் புரோகிராம்கள் புழங்கும். அங்கிருந்து ஒட்டும்போது மேற்கோள் குறி வளைந்து வரும். பார்க்க அழகாக இருக்கும், பைத்தானுக்குப் பிடிக்காது. நேர்க்குறி வேண்டும். அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் "காப்பி பண்ணதுமா எரர் வரும்?" என்று ஆச்சரியப்படுவார்கள்.

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு வளைந்த மேற்கோள் குறைந்தது. புரோகிராம்கள் ஒரே நாளில் அழகாகிவிட்டன. வகுப்பில் நடத்தாத சங்கதியெல்லாம் ஐம்பத்திரண்டாம் நம்பர் புரோகிராமில் வர ஆரம்பித்தது. மேடம் ஒரு வரியில் விரல் வைத்து, "இது என்ன பண்ணுது?" என்று கேட்பார். அவன் மின்விசிறியைப் பார்ப்பான். ஏசி அறையில் மின்விசிறி கிடையாது.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அதே சாட்ஜிபிடியிடம் முப்பத்தொன்றாம் நம்பர் வேறு மாதிரிப் பேசுவதை இடைவேளையில் நடைபாதையில் பார்த்தேன். புரோகிராம் கேட்கவில்லை. தன் எரரின் கடைசி வரியைப் போட்டு, தமிழில் இது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

செய்முறைத் தேர்வன்று வெளியிலிருந்து எக்ஸ்டர்னல் வருவார். ஷூக்கள் அன்றைக்கு மட்டும் ஸ்டாண்டில் இருக்கும். நெற்றியில் திருநீறு, குங்குமம், சிலுவைச் சங்கிலி, தொழுகைத் தொப்பி எல்லாம் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு கேள்வி. முதலில் தாளில் எழுத வேண்டும், பிறகு சிஸ்டம். பல்கலைக்கழகத் தேர்வுக்கு நாற்பது, செமஸ்டர் முழுக்கச் செய்ததற்கு அறுபது என்று பிரித்திருப்பதால் முன்னைப்போல் யாரும் மயங்கி விழுவதில்லை.

ஐந்தாம் நம்பர் மனப்பாடம் செய்திருந்தான். முழுப் புரோகிராமையும் ஒரே மூச்சில் அடித்தான். நடுவில் ஒரு வரி விட்டுப்போயிற்று. சிவப்பு. என்ன செய்வதென்று தெரியாமல் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி அடித்தான். மறுபடி அதே வரி விட்டுப்போயிற்று. திருப்பாவையை நடுவில் விட்டவர் முதலடிக்குத் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன், அது பாட்டு, போகலாம். நேரம் முடியும்போது திரையில் சிவப்புதான் இருந்தது.

பதினேழாம் நம்பருக்கு வந்தது வாக்காளர் வயது சரிபார்ப்பு. அவளுக்கும் சிவப்பு வந்தது, இரண்டு தரம். கையைத் தூக்கவில்லை. கடைசி வரிக்கு இறங்கினாள், வரி நம்பரைப் பார்த்தாள், ஒரு இடைவெளியை அழித்தாள். இரண்டாம் தரம் எக்ஸ்டர்னல் பின்னால் வந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. வயது கேட்டது, எண்ணுக்கு பதிலாக வேண்டுமென்றே தன் பெயரை அடித்தாள். வயதை எண்ணில் கொடுக்கவும் என்று புரோகிராம் பணிவாகச் சொன்னது. எக்ஸ்டர்னல் வைவா எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த சிஸ்டத்துக்குப் போனார்.

கலந்தாய்வு முடித்துவிட்டு வகுப்பு தொடங்கக் காத்திருக்கிற பிள்ளைகள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோடிங் கிளாஸுக்குப் பணம் கட்ட வேண்டாம், கடன் வாங்கி லேப்டாப் எடுக்கவும் வேண்டாம். வீட்டிலோ அண்ணன் அக்காளிடமோ ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தால் போதும். பைத்தான் அதன் சொந்தத் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது, ஐடிலும் சேர்ந்தே வரும். கல்லூரி திறக்கும்வரை தினம் ஒரு மணி நேரம் அடித்துப் பாருங்கள். வேண்டுமென்றே கோலனை விடுங்கள், மேற்கோளை விடுங்கள், என்ன திட்டுகிறது என்று கடைசி வரியைப் படியுங்கள். விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையின் அடியில் பைத்தானைப் 'பாத்'தில் சேர்க்கட்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிடுங்கள். பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.